பழ ஈ உட்கார்ந்த சட்டை

என் கொய்யாப் பழத்தை யாரும் புட்டுப் பார்த்துவிட்டுத் தின்றதில்லை. வாங்குவார்கள், வேட்டியில் ஒரு துடை துடைப்பார்கள், கடிப்பார்கள். அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் கூடை வைத்தவர்கள் நிறையப் பேர். மற்றவர்கள் பழத்தைக் கத்தியால் நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, உள்ளே சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டித்தான் விற்றார்கள். என் கூடையில் கத்தி இருக்காது. விற்கிறவனே கத்தியை எடுத்தால் அவனுக்கே தன் பழத்தின்மேல் சந்தேகம் என்றுதானே அர்த்தம்? இது நானாகக் கண்டுபிடித்த வியாபாரம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. நான் படித்ததே மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான்.

தோப்பை உண்டாக்கியவனும் நான்தான். பிடுங்கப் பிடுங்க முளைக்கிற முள்ளுக்காடு அது. காலையில் டவுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவேன், வெயில் தாழ்ந்ததும் இங்கே வந்து முள்வேரைத் தோண்டுவேன். கொய்யாக் கன்றுகளைச் செங்கம் ரோட்டிலிருந்து தலைச்சுமையாகவே கொண்டுவந்தேன். வண்டியில் ஏற்றினால் வண்டிக்காரன் குலுக்கியே சாகடித்துவிடுவான். எந்த வேலையையும் இன்னொருத்தனை நம்பி விடுகிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நம்பியிருந்தால் மூட்டை தூக்கிக்கொண்டேதான் செத்திருப்பேன்.

முதல் காய்ப்பு வந்தபோது ஒன்று வேண்டிக்கொண்டேன். தானாகக் கீழே விழுகிற பழம் எனக்கு வேண்டாம், அது மலைக்குரங்குகளுக்கு. அன்றிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தோப்பின் கிழக்கு மூலையில், பாதையைப் பார்த்த மாதிரி, குவித்து வைப்பேன். மலை சுற்றுகிறவர்கள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "புண்ணியவான்யா" என்று சொல்லிப் போவார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நிலம் மட்டும் என் பெயரில் இல்லை. மாமனார் விட்டுப்போனது. கிழக்குப் பாதி என் மனைவிக்கு, மேற்குப் பாதி அவள் தம்பிக்கு. நடுவில் ஒரு வரப்பு. மச்சானுக்கு டவுனில் லாரி ஷெட்டில் வேலை. தண்ணீர் பாய்ச்சுவதும் காவல் காப்பதும் நான். அவன் எப்போதாவது வந்து ஒரு பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டு, இனிப்புக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போவான்.

எழுபதுகளின் கடைசியில் புழு வந்தது. மேலே பழம் பளபளவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. புட்டால் உள்ளே கூழாகி, வெள்ளை வெள்ளையாக நெளியும். தரையில் விட்டால் வில் மாதிரி வளைந்து துள்ளும். ஒரு கார்த்திகை தீபத்தன்று ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் என் பழத்தைக் கடித்த வாயோடு, என் கூடைக்கு முன்னாலேயே துப்பினார். பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். எனக்குப் புழுவைவிட அதுதான் அருவருப்பாக இருந்தது.

மச்சான் இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டான். செங்கல் சூளைக்காரர் ஒருவர் எங்கள் தோப்பு மண்ணின்மேல் வெகுநாளாகக் கண்ணாக இருந்தார்.

"மரத்த வெட்டிட்டு மண்ண சூளைக்கு வுட்டுடலாம் மாமா. புழுத் தோப்ப வெச்சிகினு இன்னா பண்றது?"

"புழுத் தோப்புன்னு இன்னொரு வாட்டி சொன்ன, வாயில பல்லு இருக்காது."

"நானா சொல்றன்? ஊரே சொல்லுது."

சூளைக்கு மண் எடுத்த இடம் பள்ளம்தான். மழை பெய்தால் எருமை படுக்கும். அதற்கப்புறம் மரம் ஏது, தோப்பு ஏது? என் மனைவி அவனிடம் பேசிப் பார்த்தாள். அடுத்த தீபம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றான். அதற்குள் புழு போகவில்லை என்றால் தோப்பு போய்விடும். நான் உட்கார்ந்து சாப்பிட்டால் அதே நினைப்பு, படுத்தால் அதே நினைப்பு.

இந்த நேரத்தில்தான் அந்த ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். வெளிர் நீலச் சட்டை, தோளில் ஒரு பை. பேச்சு நம் ஊர்ப் பேச்சில்லை, கோயம்புத்தூர்ப் பக்கம்.

"ஏனுங்க, தோப்பு உங்களதுங்களா? சர்க்கார் விவசாயக் காலேஜுலிருந்து வர்றேனுங்க, பழ ஈயப் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க. உங்க மரத்துல கொஞ்சம் பாட்டில் கட்டிக்கலாமுங்களா?"

எனக்கு அப்போதே இடித்தது. மனுப் போட்டுக் கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்காத சர்க்கார் ஆள், கூப்பிடாமலே வந்து நிற்கிறார். யார் அனுப்பியது? எதற்கு எங்கள் தோப்பு?

"அதுக்கு நான் இன்னா குடுக்கணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாமுங்க."

அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. ஒன்றும் வேண்டாம் என்கிறவனிடம்தான் நான் மிகவும் ஜாக்கிரதையாக இருப்பேன்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் காட்டினார். பக்கவாட்டில் ஓட்டைகள். உள்ளே கம்பியில் ஒரு பஞ்சு, அதில் ஏதோ நனைத்திருந்தது. ஈ அந்த வாசனைக்கு உள்ளே போகுமாம், மருந்து பட்டுச் சாகுமாம். தோப்பில் ஒரு பாதியில் மட்டும் பாட்டில் கட்டுவாராம். இன்னொரு பாதியில் பாட்டிலும் கூடாது, மருந்தும் கூடாது, எது எப்படி இருக்கிறதோ அப்படியே தீபம் வரைக்கும் விட வேண்டுமாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பாட்டிலுக்குப் பலன் உண்டா என்று தெரியுமாம்.

பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தேன். கிராம்பும் துளசியும் சேர்த்துக் கசக்கின மாதிரி ஒரு வாசனை. மார்க்கெட்டில் மூக்காலேயே சரக்கு எடை போட்டவன் நான். இது விரட்டுகிற வாசனை இல்லை, கூப்பிடுகிற வாசனை. ஊரில் இருக்கிற ஈயையெல்லாம் வா வா என்று கூப்பிடப்போகிறது. அப்படியானால் அதை எந்தப் பாதியில் கட்டச் சொல்வது? இதற்குப் படிப்பா வேண்டும்?

"மேற்கால கட்டிக்குங்க சார்," என்றேன். அது மச்சான் பாதி. "கிழக்கால ஒண்ணும் பண்ண மாட்டன். இது என் வாக்கு."

விஷயம் மச்சானுக்குப் போயிற்று. டவுனில் பழக்கடை வைத்திருந்த பாய் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியவர். அவர் கடையில் வைத்து மச்சான் என்னை மடக்கினான்.

"ஆபீசரே ரெண்டா பிரிச்சிட்டாரு. நாமளும் அப்பிடியே வெச்சிக்கலாம் மாமா. தீபத்துக்கு முன்னாடி பாக்கறது. எந்தப் பாதில புழுவோ அந்தப் பாதி சூளைக்கு. சரியா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஈயைக் கூப்பிடுகிற பாட்டில் தொங்குவது அவன் பாதியில்.

"சரி," என்றேன்.

"யோசிச்சி சொல்லுண்ணே," என்றார் பாய்.

"நான் யோசிக்காம எதையும் சொல்ல மாட்டன் பாய்."

ஒரு வாரம் போயிற்று. என் மனைவி பாட்டிலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அடியில் அவ்வளவு ஈ செத்துக் கிடந்தது. வீட்டு ஈ மாதிரி கறுப்பு இல்லை. குளவிக்குஞ்சு மாதிரி மஞ்சள், இடுப்பு ஒடுங்கி, கண்ணாடி இறக்கையோடு இருந்தது.

"இத்தினி ஈயும் நம்ம தோப்புலயாங்க இருந்துது?"

"இங்க எங்க இருந்துது? கூப்ட்டு வரவெச்சிருக்கான்."

"வந்தது செத்துதானே கெடக்குது?"

"வந்ததெல்லாம் பாட்டிலுக்குள்ளயா போச்சி? போவாதது எங்க போவும்? ஈக்கு வரப்பு தெரியுமா?"

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மேற்கே கட்டச் சொன்ன என் கெட்டிக்காரத்தனத்தில் இது ஒன்றை நான் யோசிக்கவில்லை. மேற்கே வருகிற ஈ வரப்பைத் தாண்டிக் கிழக்கே வர எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த முறை அந்த ஆள் வந்தபோது இன்னொன்று பார்த்தேன். பாட்டிலில் புதுப் பஞ்சு வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டு நின்றார். ஒரு ஈ வந்து அவர் நீலச் சட்டையில் உட்கார்ந்தது. இன்னொன்று வந்தது. பிறகு முழங்கையில், காலரில், பையில் என்று மஞ்சள் ஈயாக வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. பக்கத்திலேயே நிற்கிற என்மேல் ஒன்றுகூட இல்லை. அவர் அதை விரட்டவும் இல்லை. வீட்டு நாய் மடியில் ஏறினால் இருப்பது போல இருந்தார்.

சொந்தக்காரனைக் கண்டால்தானே இப்படி வந்து ஒட்டும்? இந்த ஆள் ஈ வளர்க்கிறவன் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். இரண்டு நாள் கழித்துச் செங்கம் ரோட்டு டீக்கடையில் அவரும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. மச்சான், சூளைக்காரர், இந்த ஈக்காரர், மூன்று பேரும் ஒரே ஆட்கள். ஈயைக் கொண்டுவந்து விட்டு, இரண்டு பாதியையும் புழுவாக்கி, மொத்தத் தோப்பையும் வெட்ட வைக்கிற திட்டம்.

ஆனால் நான் கையில் சான்று இல்லாமல் வாயைத் திறக்கிறவன் இல்லை. ஒரு பாட்டிலை அவிழ்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது. பழம் என்கிற பேச்சே இல்லாத இடம். வேலமரத்தில் கட்டிவிட்டு எட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் ஈ. பிறகு இன்னும் சில. துண்டை உதறித் தோளில் போட்டேன், என் தோளிலும் வந்து உட்கார்ந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. இல்லாத இடத்திலிருந்தும் கூப்பிடுகிறதே.

அவர் மறுபடி வந்ததும் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஈய கூப்பிடறியா, கொல்றியா? இப்ப சொல்லு. பழமே இல்லாத ஏரிக்கரையில கட்னன், அங்கயும் வருது."

அந்த ஆள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். சந்தோஷம் வந்தது.

"அங்கயும் வந்துச்சுங்களா? கூப்பிடத்தானுங்க செய்யும், அதுதான் அதோட வேலை. ஆனா வர்றது அத்தனையும் ஆண் ஈங்க. ஆண் ஈ பழத்தைக் குத்தாது. பொட்டைக்குத்தான் வால்ல ஊசி இருக்கும்."

"அப்ப குத்தறவள வுட்டுட்டு அவ புருஷன புடிச்சி அடைக்கறியா?"

மரத்தடியில் நின்ற என் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"புருஷன் இல்லைன்னா அவ இடற முட்டை பொரிக்காதுங்களே."

"உன் சட்டையில மட்டும் ஏன் உக்காருது?"

"பஞ்சு நனைக்கறப்ப மேல தெறிச்சுடுதுங்க. துவைச்சாலும் போக மாட்டேங்குது. பஸ்ஸுல என் பக்கத்துல யாருமே உக்காருறதில்லைங்க."

ஏரிக்கரையில் என் தோளில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மச்சானோடு டீக்கடையில் என்ன பேச்சு என்று கேட்டேன்.

"அவருதானுங்க கூப்பிட்டு உக்கார வெச்சாரு. 'எங்க மாமா அனுப்புன ஆளா நீ? எம்பாதில மட்டும் எதுக்குய்யா பாட்டில் கட்ற?'ன்னு பிடிச்சுக்கிட்டாரு."

என் மச்சானுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"இவ்ளோ ஈ எங்கருந்துதான் வருது? அத சொல்லு."

அவர் கையை நீட்டிக் கிழக்கு மூலையைக் காட்டினார். என் குரங்குக் குவியல்.

"விழுந்த பழத்துலதானுங்க புழு வளருது. வளர்ந்ததும் துள்ளி மண்ணுக்குள்ள போய் கூடாகி, ஈயா வெளிய வருது. அதைக் குழி தோண்டி ஆழமாப் புதைச்சுடோணும். ஆனா உங்க பாதியில இப்ப கை வெச்சுராதீங்க, அது இருந்தபடி இருக்கோணும்."

மலைக்கு விட்ட பங்கை மண்ணில் போட்டுப் புதைக்கச் சொல்கிறார். புண்ணியம் பண்ணின இடத்தில் புழு வளர்கிறது என்கிறார். இதற்கு மேலும் ஒருவனை நம்ப முடியுமா? சரி, இதிலேயே அவரை மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். மனைவியிடம் ஒரு மண்பானை கொண்டுவரச் சொன்னேன். அடியில் மணல் போட்டேன். மணலை நானே சலித்தேன். குவியலிலிருந்து பழத்தை நானே எடுத்துப் போட்டேன், அவரைத் தொட விடவில்லை. பானை வாயில் துணி போட்டு, மார்க்கெட் மூட்டைக்குப் போடுகிற என் முடிச்சைப் போட்டேன். அதை என்னைத் தவிர ஒருத்தனாலும் பழையபடி போட முடியாது. அவிழ்த்துக் கட்டினால் உடனே தெரிந்துவிடும். பானை என் வீட்டு அடுப்படியில்தான் இருந்தது. வாசலைத் தாண்டி அந்த ஆள் உள்ளே வந்ததே இல்லை.

சில நாள் கழித்து என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, பானைக்குள்ள ஏதோ சத்தம் கேக்குதுங்க."

துணியின் உள்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. மஞ்சள், கண்ணாடி இறக்கை. முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முடிச்சி அப்பிடியேதான இருக்குது," என்றாள் அவள்.

அப்படியேதான் இருந்தது. அந்த ஆள் சொன்னதை நம்பியிருக்க மாட்டேன். என் முடிச்சைச் சந்தேகப்பட முடியாது. விழுந்த பழத்தையெல்லாம் நான் வருஷக்கணக்காகக் கொட்டி வைத்த குவியல், என் மனைவியின் பாதியில், என் முதல் கன்றுகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாளே அவரிடம், "நம்ம பாதிலயும் ரெண்டு பாட்டில் கட்டுங்க சார்," என்றேன்.

"கட்டுனா இந்த வருஷ வேலை அத்தனையும் போச்சுங்க. ஒப்பிட ஒண்ணும் இருக்காது. வாக்குக் கொடுத்திருக்கீங்களே."

மச்சானிடம் போனேன். பாதியை மாற்றிக்கொள்ளலாமா என்று நான் வாய் திறப்பதற்குள், "பாய் முன்னாடி சொன்னது மாமா," என்றான். திருட்டுத்தனமாகக் குவியலைப் புதைத்திருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் என் வாக்கு பொய்யாகிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது? படிப்பா, நிலமா? மார்க்கெட்டில் மூட்டைக்காரனுக்கு வாக்குதான் சொத்து. அந்தப் பாதியாவது மிஞ்சட்டும் என்று மேற்கே விழுந்ததையெல்லாம் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தேன். குரங்குகளுக்கு மேற்கு மரத்திலிருந்தே நல்ல பழமாகப் பறித்துப் போட்டேன். கிழக்கே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் பச்சை மாறுகிற சமயம் பார்த்து அந்த ஊசிக்காரி வந்து இறங்குவாள். வால் நுனியை ஊன்றுவாள். நான் எட்டி நின்று திட்டுவேன். அதுதான் நான் செய்ய முடிந்தது.

தீபத்துக்குச் சில நாள் முன்னால் பாய் கத்தியோடு வந்தார். நான் பறித்தால் பொறுக்கிவிடுவேன் என்று மச்சானே மரத்துக்கு மரம் ஏறிப் பறித்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மேற்குப் பழத்தைப் பாய் அறுத்தார். வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. நடுவில் ஒன்றில் மட்டும் ஒரு புழு இருந்தது, மற்றதெல்லாம் சுத்தம். பிறகு கிழக்குப் பழம். முதல் பழத்தை அறுத்ததும் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் பாக்கணுமாண்ணே?"

"அறுங்க பாய்."

அறுத்தார். கூழும் புழுவும்தான். மச்சான் என்னைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் அவன் பாதிப் பழம் ஒன்று இருந்தது, அதைக் கடித்துக்கொண்டே இருந்தான். அவன் பாதியை வெட்டுகிற பேச்சு அன்றைக்கு அவன் வாயில் வரவில்லை.

"சொந்தத்துக்குள்ள இதெல்லாம் பேசிக்கலாமே," என்றார் பாய்.

"பேசி முடிச்சத திரும்ப இன்னா பேசறது? சூளைக்காரர ஆள் அனுப்பச் சொல்லுடா," என்றேன்.

என் மனைவி மட்டும், "எம்பாதியா இருந்தா இன்னா, தம்பி பாதியா இருந்தா இன்னா, தண்ணி பாச்சப்போறது நீங்கதானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை.

நான் முதன்முதலில் தலையில் சுமந்துவந்த கன்றுகள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன. கோடாலியை வேறு ஒருவன் கையில் கொடுக்க மனமில்லை. நானே வெட்டினேன்.

நீலச் சட்டைக்காரர் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கிழக்கே வெறும் கட்டைகள்.

"ஏனுங்க, ஒண்ணும் பண்ணாத பாதிய வெட்டிட்டீங்களே! அடுத்த வருஷம் நான் எதோட ஒப்பிடறதுங்க?"

"பக்கத்துத் தோப்புக்காரன் எதுவுமே பண்ண மாட்டான் சார். அவன் தோப்போட ஒப்பிட்டுக்குங்க."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேற்கு மரத்திலிருந்து ஒரு பழம் பறித்துக் கொடுத்தேன். அவர் அதை நகத்தால் கீறிப் புட்டு, உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். என் பழத்தை என் கண்முன்னால் புட்டுப் பார்த்த ஆளை நான் ஒன்றும் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

தீபத்தன்று பாதையில் ஜனம் நெருக்கிக்கொண்டு போயிற்று. கூடை நிறைய மேற்குப் பழம். பக்கத்துக் கூடைக்காரி என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தேன். ஒரு பழத்தை நாலாகக் கீறிப் பூ மாதிரி விரித்து, உப்பு மிளகாய்த்தூள் தடவி, எதிரில் வந்த ஒருவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். அவர் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் வாங்கினார்.

உதவிக்கு வந்திருந்த மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா மாமா, கத்தியெல்லாம்? நம்ம பழத்துக்கு எதுக்கு?"

"இது உன் பழம்டா," என்றேன். "என் பழமா இருந்தா கத்தி எடுப்பனா?"